அமெரிக்காவுல சுயதொழில் பண்றவங்க ஏன் வருஷத்துக்கு 4 தடவை டேக்ஸ் கட்டணும்?

இப்படி 4 தடவை கட்டுறதுக்குப் பேருதான் எஸ்டிமேட்டட் டேக்ஸ். அதாவது, இந்த வருஷம் எவ்வளவு வரி வரும்னு நாமளே உத்தேசமா கணக்குப் போட்டு அப்பப்போ பிரிச்சு கட்டுறது, அவ்வளவுதான். அமெரிக்காவுல வரிங்கறது சம்பாதிக்க சம்பாதிக்க கட்ட வேண்டியது, சம்பளக்காரங்களுக்கு கம்பெனியே பிடிச்சு கட்டிடும், ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு பிடிக்க ஆளே இல்ல, அதனால நாமதான் ஐஆர்எஸ்க்கு (அமெரிக்க வரித்துறை) கட்டணும்.

பஸ்ல கண்டக்டர் நம்ம சீட்டுக்கே வந்து டிக்கெட் கொடுப்பாரு, ரயில்ல நாமளே வாங்கிட்டுதான் ஏறணும்ல, அந்த மாதிரி.

வருஷ முடிவுல 1,000 டாலர் அல்லது அதுக்கு மேல பாக்கி வரும்னா பொதுவா இது உங்களுக்கும்தான். கெடு ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. மூணு மூணு மாசம்னு நினைச்சுட்டு ஜூனை விட்டுடாதீங்க, நிறைய பேர் அங்கதான் மாட்டுறாங்க. இதுல வருமான வரி மட்டும் இல்ல, சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்), மெடிகேருக்கான (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) 15.3% வரியும் சேரும், வேலையில இருந்தப்ப இதுல பாதிய முதலாளி கட்டுனாரு, இப்ப ரெண்டு பங்கும் நம்ம தலையில, அதான் முதல் வருஷம் பகீர்னு இருக்கும்.

வருமானம் ஏறி இறங்குதா? போன வருஷ மொத்த வரிய (போன வருஷ வருமானம் 1,50,000 டாலர் தாண்டியிருந்தா அந்த வரியில 110%) நாலா பிரிச்சு நேரத்துக்கு கட்டிட்டா அபராதம் வராது, என்னைக் கேட்டா இதுதான் நிம்மதியான வழி.

ஏப்ரல்ல மொத்தமா கட்டிட்டா போதும்னு நினைக்கிறது தப்பு, அபராதம் ஒவ்வொரு கெடுவுக்கும் தனித்தனியா கணக்காகுது, கடைசில ரீஃபண்ட் வந்தாகூட அது விழலாம்.