டேர், டீ, டாஸ் பயம்

கேள்வி: நான் செவிலியர். ஜெர்மனியில் வேலைக்குப் போக ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை வகுப்பு முடித்திருக்கிறேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பேச வாய் திறந்தால், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதன் இலக்கணப் பாலைக் காட்டப் போடும் சொல் டேரா, டீயா, டாஸா என்று யோசிப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அந்த மூன்றையும் முதலில் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அம்மா. 'டேர் டிஷ்' என்பதை 'டீ டிஷ்' என்று சொன்னாலும் ஜெர்மானியருக்கு மேஜை மேஜைதான். வாய் திறக்காமல் நின்றால்தான் அவருக்கு ஒன்றும் புரியாது. 'வைல்' (ஏனென்றால்) போட்டால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும் அல்லவா? ஆங்கிலேயர் அங்கே திணறுவார். தமிழில் பிறந்த உங்களுக்கு அது கை வந்த கலை.

வீட்டில் அம்மாவையோ பாட்டியையோ நோயாளியாக உட்கார வையுங்கள். கையில் பட்டையைச் சுற்றும்போதே, "இப்போது உங்கள் இரத்த அழுத்தம் பார்க்கிறேன்" என்பதை ஜெர்மனில் உரக்கச் சொல்லுங்கள். ஊசி, மாத்திரை, படுக்கை விரிப்பு, எல்லாவற்றுக்கும் அப்படியே. பாட்டி சிரிப்பார், சிரிக்கட்டும். கண்ணாடி முன் பேசச் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கண்ணாடி பதில் பேசாது.

ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கதே நிறுவனத்தின் பி1 பேச்சுத் தேர்வில் பெரும்பாலும் இன்னொரு தேர்வருடன் சேர்ந்து ஏதாவது திட்டமிட வேண்டும். புரியாவிட்டால் "வீ பிட்டே?" (என்ன சொன்னீர்கள்?) என்று கேளுங்கள். தேர்ச்சிக்கு 100க்கு 60 போதும். தவறினாலும் பேச்சுப் பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம், மன்னிக்கவும், பேசலாம்.