கடற்கரையோ நீர்த்தேக்கக் கரையோ, பொதுமக்கள் போய்வரும் உரிமையையும் காணி அபிவிருத்தியையும் நகரத் திட்டமிடலில் எப்படிச் சமன் செய்வது?

கேள்வி கேட்டவர் பெந்தோட்டையையோ அறுகம்பையையோ நினைத்துக்கொண்டு கேட்டிருக்கலாம். ஹோட்டலும் வேண்டும், வேலையும் வேண்டும், ஊர்ச்சனம் கரைக்குப் போகவும் வேண்டும், மூன்றையும் ஒரே திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. நான் ஹட்டன் பக்கத்து ஆள். கடல் எங்களுக்கு எப்போதாவது போகும் ஒரு ட்ரிப். ஆனால் கரை எங்களுக்கும் உண்டு: காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, மேல் கொத்மலை, நுவரெலியாவில் கிரகரி வாவி. ஒரு நில அளவையாளரிடம் பல வருடமாக வேலை செய்வதால், இந்தச் சண்டை எந்தக் காகிதத்தில் தொடங்குகிறது என்று பார்த்துப் பழக்கம் உண்டு. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். கரை பெரும்பாலும் யாராலும் பறிபோவதில்லை. ரோட்டிலிருந்து கரைக்கு இறங்குகிற பாதைதான் போகிறது. அந்தப் பாதையைக் காணி பிரிக்கும்போதே, கட்டட அனுமதி கொடுக்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். சுவர் எழும்பிய பிறகு மகஜர் கொடுப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

கடல் பக்கம் சட்டம் ஓரளவு தெளிவு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர் என்று கரையோர வலயத்தை வரையறுத்தது. ஆறோ களப்போ கடலில் சேருமிடத்தில் உள்ளே 2 கிலோமீற்றர் வரை அது நீளும். அந்த வலயத்துக்குள் எதைக் கட்டுவதென்றாலும் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். சனம் கோபத்தோடு போய் நிற்கவும் ஒரு திணைக்களத்தின் கதவு இருக்கிறது.

மலைநாட்டுக்கு அந்தச் சட்டம் ஏறி வராது. இங்கே கரைக்குக் கரை எசமான் வேறு. காசல்ரீயும் மவுசாகலையும் லக்சபான மின் திட்டத்தைச் சேர்ந்தவை. கொத்மலை மகாவலி அதிகார சபையிடம். டவுன் என்றால் நகர சபை, டவுன் தாண்டினால் பிரதேச சபை, அதற்கு மேலே தோட்டக் காணி. 1947ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச் சட்டம் பொது ஆறுகளையும் ஏரிகளையும் அரசுக்குரியதாக வைத்திருக்கிறது. நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டத்துக்கு அப்பால் உள்ள ஒதுக்குக் காணியை, சுற்றாடல் மதிப்பீடு பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக 1993ஆம் ஆண்டு வர்த்தமானி சொல்கிறது. ஆக, தண்ணீரை ஒட்டிய துண்டு காகிதத்தில் ஏற்கெனவே நம்முடையது. அந்தத் துண்டுக்குப் போய்ச் சேரும் வழியைப் பற்றித்தான் இந்தச் சட்டங்கள் வாய் திறப்பதில்லை.

அது எப்படித் தொலைகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் வில்லன் யாரும் இல்லாமலே இது நடக்கும். நீர்த்தேக்கம் ஒன்றுக்கு மேலே ஒரு காணியைத் துண்டு போட அளந்தோம். பழைய தோட்டத்துப் பிளான் ஒன்று கையில் இருந்தது, துணியில் ஒட்டிய, மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒன்று. அதில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) கீழே இருந்து தண்ணீர் வரை ஒற்றையடிப் பாதை புள்ளிக் கோடாகப் போயிருந்தது. புதுப் பிளானில் எல்லைக் கற்கள், லொட் இலக்கங்கள், உள்ளே போகும் இருபது அடி ரோட்டு, எல்லாம் சுத்தமாக இருந்தன. புள்ளிக் கோட்டை மட்டும் காணோம். யாரும் அதை அழிக்கவில்லை, கீறவில்லை, அவ்வளவுதான். எங்கள் நில அளவையாளர் சேரிடம் கேட்டேன். "காணிக்காரர் அளக்கச் சொன்னதை அளக்கிறோம். பாதையில் உரிமை இருக்கென்று யாராவது கடதாசி கொண்டுவந்தால் கீறலாம்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பிளானை வைத்துத்தான் நொத்தாரிசு உறுதி எழுதுவார், உறுதியை வைத்துத்தான் சபை அனுமதி கொடுக்கும், வங்கி கடன் கொடுக்கும். நாலு மேசை தாண்டிய பிறகு அப்படி ஒரு பாதை இருந்ததற்கு லயத்துச் சனத்தைத் தவிர சாட்சி இல்லை.

நாங்கள் கல் போட்டுக்கொண்டிருந்தபோது விறகுக் கட்டோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். "ஏன் தம்பி, இதுல கேட்டு போடப் போறாங்களா? அப்ப கரகம் பாலிக்க எந்தப் பக்கமா எறங்குறது?" என்று கேட்டார். திட்டமிடல் குழுவில் இருக்கிற பொறியியலாளர்கள் எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி தோன்றும்? தோட்டத்துத் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பது (பூசைக் குடத்தைச் சோடித்து எடுப்பது) தண்ணீர்க் கரையில். கருமாதிக்குப் போவதும் அங்கே. தூண்டில் போடுகிற பொடியன்கள், உடுப்புத் துவைக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் எல்லாம் அங்கேதான். இதையெல்லாம் ஒரு வரைபடத்தில் "பொழுதுபோக்கு வலயம்" என்று பச்சை பூசி முடித்துவிட முடியாது.

பத்து வருடம் தடையில்லாமல் நடந்த பாதைக்கு வழியுரிமை கேட்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை வைத்துத் தனியார் காணியில் கேட்கலாம். அரசுக்கு எதிராக அது செல்லாது. இங்கேதான் மலையகத்துச் சிக்கல். காணிச் சீர்திருத்தத்தில் 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992ல் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும் காணியின் உரித்து மாறவில்லை, குத்தகைதான். நாலு தலைமுறை நடந்த பாதை என்றாலும், சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் அது தோட்டம் விட்டுக்கொடுத்த சலுகை.

ஆனால் அதே விஷயத்தை மறுபக்கமாகப் பிடித்தால் நமக்குத்தான் லாபம் என்பது என் எண்ணம். காணிக்குச் சொந்தக்காரர் அரசு என்றால், கரைப் பக்கம் ஹோட்டல் கட்ட யாருக்காவது மறுகுத்தகை கொடுக்கும்போது நிபந்தனை போடக்கூடியவரும் அரசுதான். பாதையைக் காசு கொடுத்துச் சுவீகரிக்க வேண்டியதில்லை. குத்தகைப் பத்திரத்தில் ஒரு பந்தி, பிளானில் ஒரு கோடு, அது போதும்.

தனியார் காணிக்கும் ஆயுதம் இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபை ஒழுங்குவிதிகளில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் வீதிகள் போக மிச்சத்தில் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. நல்ல விதி. ஆனால் அந்தப் பத்து வீதம் எந்த மூலையில் என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த வரையில் அது எப்போதும் பள்ளத்தில், கான் ஓடுகிற இடத்தில், வீடு கட்ட உதவாத முக்கோணத் துண்டில்தான் வந்து விழும். அதையே ரோட்டிலிருந்து தண்ணீர் வரை ஒரு பட்டியாக வை என்று சபை சொன்னால் காணிக்காரருக்கு ஒரு பேர்ச்சும் கூடுதலாக நட்டமில்லை. அடுத்த காணியும் அப்படியே செய்தால் பட்டிகள் கரையோரம் போய்ச் சேரும்.

நியூசிலாந்தில் இதைத்தான் சட்டமாக வைத்திருக்கிறார்கள். அங்கே 1991ஆம் ஆண்டின் வள முகாமைத்துவச் சட்டப்படி, ஆற்றையோ ஏரியையோ கடலையோ ஒட்டிய காணியை நாலு ஹெக்டேயருக்குக் குறைந்த துண்டுகளாகப் பிரித்தால், பொதுவாக 20 மீற்றர் அகலக் கரைப்பட்டி உள்ளூர்ச் சபைக்குப் போய்விடும். காணி சும்மா கிடக்கும்வரை யாரும் வந்து பிடுங்குவதில்லை. பிரித்துக் காசு பார்க்கும் அன்றைக்குத்தான் பொதுப்பங்கு கேட்கிறார்கள். எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருக்கிறது.

அதற்காகக் கண்டபடி கேட்கவும் கூடாது. கலிபோர்னியாவில் கடற்கரை வீடொன்றை இடித்துப் பெரிதாகக் கட்ட அனுமதி கேட்டவரிடம், வீட்டுக்கு முன்னால் கடலோரமாகச் சனம் நடக்க இடம் விடு என்று கரையோர ஆணைக்குழு நிபந்தனை போட்டது. 1987ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் கேட்கிற நிபந்தனைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அது அவர்கள் நாட்டு அரசியலமைப்பு விவகாரம், ஆனாலும் நியாயம் நமக்கும் பொருந்தும். உன் கேட்டு எந்தப் பாதையை அடைக்கிறதோ அந்தப் பாதையைத் திற, அல்லது பக்கத்தில் அதே அளவு நல்ல பாதை கொடு. அதற்கு மேலே பூங்காவும் கார் பார்க்கும் கேட்டால் அது பேராசை.

ஹோட்டல்காரர்கள் பக்கத்திலும் பேச்சு இருக்கிறது. போத்தல் உடைக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள், இரவில் கூச்சல் என்பார்கள். பொய் இல்லை. ஏப்ரல் வசந்த காலம் முடிந்த பிறகு நுவரெலியாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை என்று நேரம் வைக்கலாம், சபை குப்பைக்கு ஆள் அனுப்பலாம். தோட்டத்துக்குள் செலவு செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பிரதேச சபைகள் காட்டிவந்த, பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018ல் திருத்தப்பட்டுவிட்டது. அந்தச் சாட்டு இனி எடுபடாது.

இரண்டு உதாரணம் பாருங்கள். கண்டி வாவி 1807ல் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தது. அதைச் சுற்றி ரோட்டும் நடைபாதையும் இருக்கிறது, கட்டடங்களில் பெரும்பாலானவை ரோட்டுக்கு அந்தப் பக்கம். டிக்கட் இல்லை, கேட் இல்லை. கிரகரி வாவி 1873ல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தது. அங்கே பூங்காப் பக்கம் போக டிக்கட் எடுக்க வேண்டும். டிக்கட்டை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன், புல் வெட்டவும் மலசலகூடம் கழுவவும் காசு வேண்டுமே. ஆனால் நாலு பிள்ளைகளோடு லிந்துலையிலிருந்து பஸ் ஏறி வருகிற குடும்பத்துக்கு, தண்ணீர் ஓரமாகச் சும்மா நடக்க ஒரு பட்டி வேலிக்கு வெளியே இருக்க வேண்டும். படகுக்கும் விளையாட்டுக்கும் காசு வாங்கட்டும்.

நீர்த்தேக்கத்தில் இன்னொரு வில்லங்கம், கரை ஒரு இடத்தில் நிற்காது. மழை காலத்தில் தேயிலை அடிவரை தண்ணீர். வரட்சியில் இறங்கிப் போய்ச் சேற்று மேடு. மவுசாகலையில் தண்ணீர் வற்றினால், 1960களின் கடைசியில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், சனம் இறங்கிப் போய்க் கும்பிடும். அதனால் சுற்றிவரக் கரை முழுக்க நடைபாதை என்கிற கனவு இங்கே சரிப்படாது. காசும் இல்லை, சரிவும் விடாது, செங்குத்தில் பாதை வெட்டினால் அதுவே மண்சரிவுக்கு அழைப்பு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு ஹோட்டலுக்கு வேண்டுமென்றால் பாதைக்கும் வேண்டும். நிலம் கெட்டியான நாலைந்து இடம், படி கட்டி, இரு பக்கமும் கான் வெட்டி, வற்றினாலும் காலூன்றக்கூடிய இடத்தில் முடிகிற மாதிரி இருந்தால் போதும்.

இதில் எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. லயத்துக் குடும்பத்துக்கு வீடு கட்டக் கொடுப்பது ஒரு சில பேர்ச். அதில் ஒரு மூலை ஒதுக்குக் காணியில் முட்டினால் உடனே "கட்டாதே" என்று கடிதம் வருகிறது. அதே வரிசையில் நூறு அடி தள்ளி மரத்தளத்தைத் தண்ணீருக்கு மேலே நீட்டியவருக்குக் கடிதம் வர மாதக்கணக்கு. சமநிலை என்று கேள்வியில் இருக்கிறதே, முதலில் ஒரே அளவுநாடாவை இரண்டு பேருக்கும் பிடிக்கட்டும். பாதை திறந்திருக்கிறதா என்று வந்து பார்த்த பிறகே ஹோட்டலுக்கு இணக்கச் சான்றிதழ் (அனுமதிப்படி கட்டியிருக்கிறது என்கிற சான்று) என்று வைத்தால், யாருடைய தயவும் தேவையில்லை. சான்றிதழ் இல்லாமல் கட்டடத்தைப் பாவிக்க முடியாது, அவர்களே ஓடி வந்து படி கட்டுவார்கள். ஒன்று மட்டும், இது நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடங்களில் நடக்கும் விஷயம். வெளியே உள்ள தோட்டப் பகுதிக்கு இன்னும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்தான். கரையோரத் தோட்டங்களையும் பிரகடனத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு காணி பிரிபடுகிறது என்று காதில் விழுந்தால், பழைய தோட்டப் பிளானின் பிரதி ஒன்றைத் தேடி எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சபைக்கு விண்ணப்பம் போட்டு, புதுப் பிளானையும் அனுமதி நிபந்தனைகளையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, புள்ளிக் கோடு எந்த லொட்டுக்குள் மறைகிறது என்று குறித்து, அந்த லொட் இலக்கத்தோடு திட்டமிடல் குழுவுக்கு எழுதுங்கள். "எங்கள் பாதையைக் காணோம்" என்று எழுதினால் கோப்பில் போடுவார்கள். லொட் இலக்கம் இருந்தால் யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும்.