பக்கட் தீனும் பின்னேரப் பசியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பாடசாலை விட்டு வந்தவுடன் மாலை வகுப்புக்குப் போக வேண்டியிருப்பதால், ஒரு பக்கட் கிறீம் பிஸ்கட்டும் சிறிய பக்கட் சிப்சும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறேன். இரவில் சோறோ புட்டோ வைத்தால் இரண்டு வாயுடன் எழுந்துவிடுகிறான். பிஸ்கட்டும் கோதுமை மாவில்தானே செய்யப்படுகிறது, அதில் அப்படி என்ன கெடுதல்?
– ஒரு தாய், தருமபுரம், கிளிநொச்சி

பதில்: மாவு ஒன்றுதான், ஆனால் அந்த மாவுக்கு என்ன நடந்தது, அதனுடன் எவை சேர்ந்தன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவருடைய குழுவினரும், உணவுகளை அவை பதப்படுத்தப்பட்ட அளவைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்தார்கள். நெல்லைக் குற்றி அரிசியாக்குவதும், மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவதும், பாலைத் தயிராக்குவதும்கூடப் பதப்படுத்தல்தான். அவர்கள் எச்சரிப்பது இவற்றைப் பற்றியன்று. சுத்திகரித்த மாப்பொருள், மலிவான எண்ணெய், சீனிப்பாகு ஆகியவற்றுடன் எந்த வீட்டுக் குசினியிலும் இல்லாத சுவையூட்டிகள், நிறமூட்டிகள், எண்ணெயும் நீரும் பிரியாமல் வைத்திருக்கும் குழம்பாக்கிகள் ஆகியவற்றைக் கூட்டித் தொழிற்சாலையில் உருவாக்கப்படும் நான்காவது வகையைப் பற்றியே எச்சரிக்கிறார்கள். உங்கள் மகன் கையிலுள்ள இரண்டு பக்கட்டுகளும் அந்த வகையைச் சேர்ந்தவை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்துச் செய்யப்பட்டு, 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்கு விளக்குகிறது. இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பரிமாறப்பட்ட சக்தி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. எவ்வளவு உண்பது என்பது அவரவர் விருப்பம். அப்படியிருந்தும் பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி, அதாவது இரண்டு கோப்பைச் சோற்றுக்கு மேல், கூடுதலாக உண்டார்கள். இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிறை கூடியது. அவர்கள் வேகமாக உண்டதும் கவனிக்கப்பட்டது. மெல்ல வேண்டிய தேவை குறைந்த, நீர்த்தன்மையற்ற, வாயில் கரைந்துபோகும் உணவு, வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேருமுன் உள்ளே போய்விடுகிறது.

இப்போது உங்கள் மகனின் கணக்கைப் பார்ப்போம். நூறு கிராம் கிறீம் பிஸ்கட்டில் ஏறத்தாழ 480 கலோரி உண்டு; எட்டு வயதுப் பையனுக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவது 1,600 கலோரி அளவுதான். ஆகவே அவன் இரவில் எழுந்து போவது பிடிவாதத்தினாலன்று, உண்மையிலேயே அவனுக்குப் பசியில்லை. இழப்பு எங்கே என்றால், அந்த இரவுச் சாப்பாட்டோடு வந்திருக்க வேண்டிய பருப்பும் மீனும் முருங்கையிலை வறையும், அவற்றிலுள்ள புரதமும் இரும்புச்சத்தும் அவனுக்குக் கிடைக்காமற் போகின்றன. இவ்வகை உணவுகளை அதிகமாக உண்போரிடம் இதய நோயால் இறப்பும் இரண்டாம் வகை நீரிழிவும் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த மீளாய்வு காட்டியது. அவற்றிற் பெரும்பாலானவை மக்களைப் பல ஆண்டுகள் அவதானித்துச் செய்யப்பட்டவை என்பதால், இதுதான் அதற்குக் காரணம் என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் எச்சரிக்கையாக இருப்பதற்கு அது போதும்.

பிஸ்கட்டை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தடைசெய்தால் அதன் மவுசுதான் கூடும். பாடசாலை விட்டு வந்தவுடன், வகுப்புக்குப் போகுமுன், மதியச் சோற்றையே கறியுடன் கொடுங்கள். கையில் கொண்டு போவதற்கு அவித்த கௌபியில் தேங்காய்ப்பூச் சேர்த்தும், வாழைப்பழமோ அவித்த முட்டையோ மரவள்ளிக்கிழங்கோ வைத்தும், பருவத்தில் அவித்த பனங்கிழங்கும் கொடுக்கலாம். முதல் வாரத்தில் பெட்டி அப்படியே திரும்பி வரக்கூடும், அதற்காக மனம் தளர வேண்டாம்.

கேள்வி: பாடசாலைக்கு அருகில் சிறிய கடை வைத்திருக்கிறேன். பக்கட்டுகள் பழுதாவதில்லை, கொம்பனி வாகனம் கடைவாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. உங்களைப் போன்றோர் சொல்வதைக் கேட்டு நல்ல சாமான் வைத்து, அது பழுதானால் நட்டம் எனக்குத்தானே?
– கடைக்காரர், முள்ளியவளை

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. பழுதாகாத நல்ல தீனும் நம்மிடம் இல்லாமலில்லை. வறுத்த கச்சான், புழுக்கொடியல், பனங்கட்டி அளவாகச் சேர்த்த எள்ளுருண்டை ஆகியவை சில நாள்கள் தாங்கும். அவித்த கடலையை அன்றன்றைக்கு விற்கும் அளவுக்கு மட்டும் வாங்கினால் நட்டம் சிறிதாகவே இருக்கும். பக்கட் மாலைகளை முற்றாக அகற்றச் சொல்லவில்லை. பிள்ளையின் கண்ணுக்கு நேரே தொங்குவது எது என்பதை மாற்றிப் பாருங்கள்.

கச்சானைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாரிக்காலத்தில் ஈரம் பட்ட கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். நீண்ட காலம் உடலிற் சேர்ந்தால் ஈரற் புற்றுநோய்க்குக் காரணமாகும் அந்த நஞ்சு வறுத்தாலும் முற்றாக அழியாது. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் பருப்பைப் புடைத்து எறியுங்கள், மலிவு விலைக்கும் விற்காதீர்கள். சிறு குழந்தைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும் ஆபத்தும் உண்டு.

குளிர்பானத்தில், 2016 முதல் நம் நாட்டில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற வட்டங்களால் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. நூறு மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள சோடா, 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் 40 கிராம் ஆகிறது. அது எட்டுத் தேக்கரண்டிக்குக் குறையாது. வெயிலில் ஓடி வரும் பிள்ளைக்கு மோரோ தேசிக்காய்த் தண்ணீரோ விற்றால் வாங்கமாட்டான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உள்ளன. ‘சீனி சேர்க்கப்படாதது’ என்று எழுதப்பட்ட பிஸ்கட்டைக் காலையிலும் மாலையிலும் நான்கு நான்காகச் சாப்பிடுகிறேன். அதனால் பாதிப்பு இல்லைத்தானே?
– ஓய்வுபெற்ற வாசகர், நெடுங்கேணி

பதில்: பாதிப்பு உண்டு. சீனி சேர்க்காவிட்டாலும் வெள்ளை மாவின் மாப்பொருள் வயிற்றுக்குள் போய்க் குளுக்கோசாகத்தான் மாறுகிறது, அதுவும் விரைவாக. பக்கட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே சேர்மானங்கள் நிறையில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சோடியம் என்று போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள்: 1,000 மில்லிகிராம் சோடியம் என்பது இரண்டரைக் கிராம் உப்பு. உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்குச் சொல்வதோ ஐந்து கிராமுக்குக் குறைவாக. இந்தக் கணக்கில் வீட்டு ஊறுகாயும் கருவாடும் முறுக்கும் தப்பிவிடுவதில்லை; நம் ஊர்ப் பண்டம் என்பதால் உப்பு உப்பில்லாமற் போய்விடாது.

காலையில் குரக்கன் புட்டோ தவிட்டுடன் கூடிய சிவப்பரிசி இடியப்பமோ, அளவோடு, பருப்பும் கீரையும் சேர்த்து உண்பது நல்லது. ஆனால் வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வாழைப்பழம், இளநீர், கீரை ஆகியவற்றிலுள்ள பொட்டாசியமே கெடுதலாகலாம். கிளினிக்கில் கேட்காமல் இந்தப் பக்கத்தைப் படித்து உணவை மாற்ற வேண்டாம்.

கேள்வி: சோயாமீட்டும் திரிபோஷாவும் தொழிற்சாலையில் செய்யப்படுபவைதானே? அவற்றையும் நிறுத்திவிட வேண்டுமா?
– குடும்பத்தலைவி, மடு

பதில்: வேண்டாம். சோயாமீட்டில் புரதம் நிறைய உண்டு. கூடவே வரும் சுவைத்தூளில்தான் உப்பு அதிகம். அதை விலக்கி, சோயாவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து, உங்கள் வீட்டுக் கறித்தூளில் சமையுங்கள். கிழமையில் ஏழு நாளும் அதுவே என்றில்லாமல் நெத்தலியும் பயறும் முட்டையும் இடையிடையே வரட்டும். திரிபோஷா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் அளவு பார்த்துக் கொடுக்கப்படும் சத்துணவு. அதைத் தீன் பக்கட்டோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. குடும்பநல உத்தியோகத்தர் இளைய பிள்ளைக்கென்று தந்ததை வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பங்கிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படிச் செய்தால் நிறை குறைந்த பிள்ளைக்குச் சேர வேண்டிய அளவு சேராது.