"இனி எதுவும் கேட்கமாட்டோம்" என்று எழுதித் தர வேண்டுமா?

கேள்வி: தென்மராட்சியில் ஓர் அரிசி ஆலையில் என் கணவர் நாட்கூலிக்கு வேலை செய்கிறார். இயந்திரத்தின் பெல்ற்றை மாற்றிக்கொண்டிருந்தபோது, அது தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. "கவனமில்லாமல் கையை விட்டார்" என்கிறார் முதலாளி. 50,000 ரூபாய் தருகிறாராம். இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் இலங்கையில் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி செல்லாது. இரு தரப்பும் ஒரு தொகைக்கு உடன்பட்டாலும் அதை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம்.

"கவனமில்லை" என்ற பேச்சுக்கு அஞ்ச வேண்டாம். வேலையாளின் வெறும் கவனக்குறைவு நட்டஈட்டைத் தடுக்காது. மதுபோதையில் இருந்தது, தெளிவாகச் சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, இயந்திரத்தின் காப்பு மூடியை வேண்டுமென்றே அகற்றியது போன்றவற்றைத்தான் முதலாளி எதிர்வாதமாகக் கொண்டுவரலாம். மூடியைக் கழற்றாமல் பெல்ற் மாற்ற முடியாது. கொடுத்த வேலையைச் செய்வதற்காகக் கழற்றியதை மீறல் என்று சொல்ல விடாதீர்கள்.

உண்மையில் தவறு சுவிட்சில் இருக்கிறது. நம் ஆலைகள் பலவற்றில் மோட்டர் ஓரிடத்திலும் அதன் சுவிட்ச் இன்னொரு சுவரிலும் இருக்கும். பழுது பார்ப்பவருக்குச் சுவிட்ச் தெரியாது, சுவிட்சடியில் நிற்பவருக்கு அவரைத் தெரியாது. பிரதான சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே கையை விடுபவரே தன் சட்டைப்பையில் வைத்திருந்தால் இந்த விரல்கள் போயிருக்காது. ஒரு பூட்டு என்ன விலை! மின்வெட்டு நேரத்தில் பழுது பார்ப்பதும் இதே ஆபத்துதான். மின் நின்றால் தானாக விடுபடும் ஸ்டார்ட்டர் இல்லாமல் சாதாரண சுவிட்ச் மட்டும் இருந்தால், மின் வந்ததும் மோட்டர் தானே ஓடத் தொடங்கிவிடும்.

நியமனக் கடிதம் இல்லாததும் தடையல்ல. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. சம்பளம் எழுதிய கொப்பி, வரவுப் பதிவு, தொலைபேசிச் செய்தி, உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் உதவும். சாட்சிகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். நாள் செல்லச் செல்ல, அங்கேயே வேலை செய்பவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள். வைத்தியசாலையில் தந்த நோய்நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து எப்படி நடந்தது என்று அங்கே பதிந்திருப்பதையும் சரிபாருங்கள். "வீட்டில் வெட்டுப்பட்டது" என்று எழுதச் சொல்லும் முதலாளிகள் உண்டு.

பின்னர் யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்துக்குச் சென்று முறைப்பாடு கொடுங்கள். மூன்று நாட்களுக்கு மேல் வேலைக்குப் போக முடியாதபடி காயம் ஏற்பட்டால், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி முதலாளி அதைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவித்தாரா என்று அங்கே கேளுங்கள். நட்டஈட்டு விண்ணப்பம் கொழும்பிலுள்ள ஆணையாளருக்குப் போகிறது. அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும் இந்த மாதமே அனுப்புங்கள்.

தொகை, இழந்த உழைப்புத் திறனின் வீதத்தையும் சம்பளத்தையும் பொறுத்தது. உச்ச வரம்பு 2022இல் 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு விரல்களுக்கு அவ்வளவும் கிடைக்காது. ஆனால் அதைக் கணக்கிட வேண்டியவர் முதலாளி அல்ல. முதலாளியின் கவனயீனத்தால்தான் விபத்து நடந்தது என்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் வழியும் உண்டு. இரண்டு வழியிலும் பணம் பெற முடியாது என்பதால், எதைத் தேர்வது என்று யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் முதலில் கேளுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகவே சட்டத்தரணி உதவி கிடைக்கும்.

முதலாளி மருந்துச் செலவுக்கு ஏதாவது தந்தால் வாங்கிக்கொள்ளலாம். பற்றுச்சீட்டில் "மருந்துச் செலவுக்காக" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.