15-க்கு அடுத்து 26: வாங்குவோர் கேள்வி-பதில்

கம்ப்யூட்டரிலும் போனிலும் ஓடும் இயங்குதளத்துக்குப் பெயர் மாற்றுகிறார்கள், எண் மாற்றுகிறார்கள், சில கம்பெனிகள் இரண்டையும் ஒன்றாகவே ஆக்கப்போவதாகச் சொல்கின்றன. இதில் நம் காசுக்கு என்ன ஆகும் என்று கேட்டு வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: 2020-இல் வாங்கிய மேக்புக் ஏரை விற்கலாம் என்று பழைய லேப்டாப் கடைக்குக் கொண்டுபோனேன். "இதில் 15 ஓடுகிறது, வெளியில் 26 வந்துவிட்டது, 11 தலைமுறை பழசு" என்று பாதி விலைக்குக் கேட்கிறார். அவ்வளவு பழசா?

ஒரே ஒரு தலைமுறைதான். மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸில் 16 முதல் 25 வரை வெளிவரவே இல்லை. 2025 ஜூனில் ஆப்பிள் தன் எல்லா இயங்குதளங்களுக்கும் ஒரே எண்ணை வைப்பதாக அறிவித்தது. அதுவரை ஐபோனுக்கு 18, மேக்குக்கு 15, கைக்கடிகாரத்துக்கு 11, தலையில் மாட்டும் விஷன் புரோவுக்கு 2 என்று ஆளுக்கொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் வந்தபோது அத்தனையும் 26. வரப்போகும் வருஷத்தின் எண்ணை இப்போதே ஒட்டுவது கார் விற்பனையில் பழைய பழக்கம்தான்.

ஆனால் உங்கள் கடைக்காரர் தெரியாமலே ஒரு நல்ல கேள்வியைக் கிளப்பிவிட்டார். 2020-இல் மேக்புக் ஏர் இரண்டு முறை வந்தது. மார்ச்சில் வந்தது இன்டெல் சிப்போடு; நவம்பரில் வந்தது ஆப்பிளின் சொந்த எம்1 சிப்போடு. திரையின் இடது மூலையில் ஆப்பிள் சின்னத்தை அழுத்தி 'இந்த மேக் பற்றி' என்பதைத் திறந்து பாருங்கள். எம்1 என்று இருந்தால் 26 தாராளமாக ஏறும். இன்றிரவே ஏற்றிவிட்டு நாளை வேறு கடைக்குப் போங்கள். இன்டெல் என்று இருந்தால் உங்கள் இயந்திரத்துக்கு 15-தான் கடைசி, விலை குறையத்தான் செய்யும். இன்டெல் மேக்குகளில் 26 ஏறுவது நான்கு மாடல்களில்தான்: 2019-இன் 16 அங்குல மேக்புக் புரோ, 2020-இன் நான்கு தண்டர்போல்ட் துளை கொண்ட 13 அங்குல மேக்புக் புரோ, 2020 ஐமேக், 2019 மேக் புரோ. அவற்றுக்கும் 26-ஓடு கதை முடிகிறது.

கேள்வி: பெயரை ஒன்றாக்கினார்கள். அடுத்து மேக்கையும் ஐபோன் மாதிரி ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வாங்குவதைத் தள்ளிப்போடலாமா?

இந்தப் பயம் புதிது இல்லை. 2001-இல் 'மேக் ஓஎஸ் எக்ஸ்' என்று வந்தது. எக்ஸ் என்பது ரோமன் பத்து. படித்தவர்கள் பாதிப் பேர் கடைசி வரை அதை எழுத்தாகவே வாசித்தார்கள். 2012-இல் 'மேக்' என்ற சொல் உதிர்ந்து 'ஓஎஸ் எக்ஸ்' ஆனது. 2016-இல், போனுக்கும் கைக்கடிகாரத்துக்கும் டிவி பெட்டிக்கும் இருந்த ஐஓஎஸ், வாட்ச்ஓஎஸ், டிவிஓஎஸ் வரிசைக்குப் பொருந்தும்படி 'மேக்ஓஎஸ்' என்று மாறியது. அப்போது பழைய மேக்காரர்கள் பலருக்கு மகிழ்ச்சிதான், உதிர்ந்த சொல் திரும்பி வந்ததே என்று. கூடவே, 'வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள், அடுத்து ஒன்றாக்கிவிடுவார்கள்' என்ற முணுமுணுப்பும் எழுந்தது. 2018 மாநாட்டில் ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி அந்தக் கேள்வியைத் தானே கேட்டு, திரை முழுக்க 'இல்லை' என்று போட்டுக் காட்டினார். மறு வருஷம் ஐபேடுக்கு ஐஓஎஸ் போதாது என்று ஐபேட்ஓஎஸ் என்று தனியே பிரித்தார்கள். ஆக, பெயர்ப் பலகையில் பிரிவினை.

உள்ளே நடந்தது வேறு. 2011-இல் லயன் பதிப்பு வந்தபோது, ஐபோனில் விரலால் தள்ளுவது போல மவுஸ் சக்கரத்தின் திசையைத் தலைகீழாக்கினார்கள். எத்தனை திட்டு! நான் அப்போது பிடிவாதமாகப் பழகிக்கொண்ட ஆள். இன்றைக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் என் கை முதல் ஐந்து நிமிடம் எதிர்த் திசையில்தான் போகும். 2020-இல் எம்1 மேக்குகளில் ஐபோன் செயலிகள் ஓடத் தொடங்கின. 2022-இல் செட்டிங்ஸ் பக்கம் ஐபோனுடையதைப் போலவே நீளப் பட்டியலாகி, இருந்த இடம் தெரியாமல் எல்லாரும் தேடினார்கள். 26-இல் செயலிகளைப் பரப்பிக் காட்டும் லாஞ்ச்பேட் போய்விட்டது, எங்கும் கண்ணாடிப் பூச்சு வந்துவிட்டது. கவனித்தீர்களா, பெயருக்காக யாரும் ரொம்ப நேரம் கோபப்படுவதில்லை. பத்து வருஷமாகக் கை தானாகப் போன இடத்தில் பொருள் இல்லை என்றால்தான் எரிச்சல் வருகிறது.

இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். கண்ணாடிப் பூச்சு எழுத்தை மறைக்கிறது என்பவர்கள் 26.1 பதிப்பை ஏற்றினால் அடர் சாயல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் போதாவிட்டால் அணுகல்வசதிப் பகுதியில் ஒளி ஊடுருவலைக் குறைக்கும் பொத்தான் உண்டு. மவுஸ் சக்கரத்தின் திசையையும் செட்டிங்ஸிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பழைய சர்ஃபேஸ் டேப்லெட்டை 4,000 ரூபாய்க்குத் தருகிறார். விண்டோஸ், வேர்டு, எக்செல் எல்லாம் இருக்கிறது. சின்ன வியாபாரக் கணக்குக்கு வாங்கலாமா?

முதலில் அதில் இருப்பது விண்டோஸா, விண்டோஸ் ஆர்டியா என்று பாருங்கள். ஆர்டி என்றால் 400 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; போனையும் கம்ப்யூட்டரையும் ஒன்றாக்கப் பார்த்ததில் வாங்கியவர்கள் பட்ட அடிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. விரலால் தொடும் டேப்லெட்டுக்கும் மவுஸ் வைத்த மேசைக் கம்ப்யூட்டருக்கும் ஒரே முகம். 1995-இலிருந்து இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானைத் தூக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரை அணைப்பதற்கே திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு பட்டையை வரவழைத்து, அதற்குள் செட்டிங்ஸ் போய், அதற்குள் பவர் தேட வேண்டும். பொத்தானைத் திரும்பக் கொண்டுவரும் சிறு மென்பொருள்களை ஜனங்கள் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த அக்டோபரில் 8.1 வந்து பொத்தானைத் திருப்பிக் கொடுத்தது. முழு ஸ்டார்ட் மெனு திரும்ப 2015-இல் விண்டோஸ் 10 வர வேண்டியிருந்தது.

இது முகம் பற்றிய சண்டை; பழகிக்கொள்ளலாம். ஆர்டி விவகாரம் அப்படி இல்லை. அதே நாளில் மைக்ரோசாஃப்ட், போன்களில் இருக்கும் வகைச் சிப்பில் ஓடும் விண்டோஸ் ஒன்றையும் விற்றது. திரையில் அதே சதுரக் கட்டங்கள், அதே டெஸ்க்டாப், உள்ளே உண்மையான வேர்டும் எக்செலும்கூட. ஆனால் நீங்கள் வருஷக்கணக்காக வைத்திருந்த எந்த விண்டோஸ் மென்பொருளையும் அதில் நிறுவ முடியாது. மைக்ரோசாஃப்ட் கடையில் கிடைக்கும் செயலிகள் மட்டும். பெட்டியில் 'விண்டோஸ்' என்று பார்த்து வாங்கியவர் வீட்டுக்கு வந்து கணக்கு மென்பொருளின் சிடியை எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 2013 ஜூலையில் விலையில் 150 டாலர் வெட்டினார்கள். விற்காத சரக்குக்காக மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டத்தில் எழுதியது. ஆர்டிக்கு விண்டோஸ் 10 தரவே இல்லை. 2023 ஜனவரி 10-ஓடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. அதில் வியாபாரக் கணக்கை வைப்பது கதவில்லாத கடையில் கல்லாவை வைப்பது போல.

அப்புறம், இதைப் படித்துவிட்டு இன்றைய ஸ்னாப்டிராகன் லேப்டாப்புகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவையும் போன் வகைச் சிப்தான். ஆனால் பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை உள்ளுக்குள் மொழிமாற்றி ஓட்டுகின்றன. மொழிமாற்ற முடியாதது டிரைவர், அதாவது வெளிக்கருவியைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள். உங்கள் பிரிண்டர், பில் அடிக்கும் இயந்திரம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மூன்றுக்கும் ஆர்ம் வகை (இந்தப் போன் வகைச் சிப்புக்கான) டிரைவர் உண்டா என்று அந்தந்தக் கம்பெனியின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'எல்லாம் ஓடும் சார்' என்று கடையில் சொன்னால், அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் ஓடாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடும்போது கையில் காகிதம் இருக்கும்.

கேள்வி: விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று சொன்னார்களே என்று நம்பி 2016-இல் கம்ப்யூட்டர் வாங்கினேன். இப்போது 11 ஏறாது என்கிறது. ஏமாற்று இல்லையா?

கோபம் நியாயம். வழக்கு நிற்காது. அதைச் சொன்னது 2015-இல் ஒரு மாநாட்டு மேடையில் பேசிய மைக்ரோசாஃப்ட் ஊழியர். செய்திகள் பரப்பின, கம்பெனி அவசரப்பட்டு மறுக்கவில்லை. உங்கள் பில்லிலோ பெட்டியிலோ அந்த வார்த்தை இருக்காது. விண்டோஸ் 11 வந்தது 2021-இல், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவதும் கேட்கிறது. 2016 இயந்திரம் அதற்கு முந்தையது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசில்லாமல் கிடைக்கும். வேண்டாம் என்றால் 30 டாலர். அப்டேட் பக்கத்திலேயே சேரும் வழி காட்டும். அதற்குள் அடுத்த இயந்திரத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது இதே கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசரும் கடிதமும் மட்டும் என்றால் அதுவே போதும்.

கேள்வி: மகளுக்குக் குரோம்புக் வாங்க நினைத்தோம். கூகுள் அதை ஆண்ட்ராய்டோடு சேர்த்துவிடப் போகிறதாமே?

ஆமாம், கூகுளே சொன்னதுதான். 2015-இல் இதே பேச்சு வந்தபோது, குரோம்புக்கில் ஓடும் குரோம்ஓஎஸ் எங்கும் போகாது என்று மறுத்தார்கள். 2024 ஜூனில் அதன் அடித்தளத்துக்கு ஆண்ட்ராய்டின் பாகங்களை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். 2025 ஜூலையில் ஆண்ட்ராய்டுப் பிரிவின் தலைவர் சமீர் சமத், இரண்டையும் ஒரே தளமாக்கப்போவதாக ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்.

நீங்கள் வாங்கும் பெட்டி அந்தப் புதிய தளத்துக்கு மாறும் என்று நம்பி வாங்காதீர்கள். எழுத்தில் இருப்பது ஒன்றுதான்: 10 வருஷ அப்டேட். 2021 முதல் வந்த குரோம்புக்குகளுக்கு அது தானாகவே உண்டு. ஆனால் இந்த 10 வருஷம் எண்ணப்படுவது நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து இல்லை. அந்த மாடலின் உள்பாகங்கள் முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. தள்ளுபடியில் கொட்டிக் கிடக்கும் மாடலில் நாலைந்து வருஷம் ஏற்கெனவே கரைந்திருக்கலாம். செட்டிங்ஸில் 'குரோம்ஓஎஸ் பற்றி' என்ற பகுதிக்குள் கூடுதல் விவரங்களைத் திறந்தால் கடைசி அப்டேட் மாதம் தெரியும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் குரோம்புக்கிலேயே பார்த்துவிடலாம். பள்ளி முடியும் வருஷத்துக்கு முன்பே அந்தத் தேதி வந்தால், அடுத்ததைப் பாருங்கள்.

கேள்வி: ஐபேடில் இப்போது விண்டோ எல்லாம் திறக்கிறதாமே, லேப்டாப்பே வேண்டாமா? பி.காம். படிக்கிறேன்.

ஐபேட்ஓஎஸ் 26-இல் விண்டோவும் மேலே மெனு வரிசையும் வந்துவிட்டது உண்மை, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் எக்செல் மேக்ரோ அதில் ஓடாது, டேலியும் நிறுவ முடியாது. பி.காமுக்கு லேப்டாப்தான். கீபோர்டின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் சந்தேகமே வராது.

கேள்வி: ஆண்ட்ராய்டுக்கு இனிப்புப் பெயர் வைத்தார்களே, ஏன் நிறுத்தினார்கள்?

வாங்குவதற்குச் சம்பந்தமில்லாத கேள்வி, ஆனாலும் பிடித்திருக்கிறது. 9-ஆம் பதிப்பு 'பை'யோடு 2019-இல் வெளிப்பெயராக வைப்பதை நிறுத்தி எண்ணுக்கு வந்துவிட்டார்கள். 'பை' எல்லா நாட்டிலும் இனிப்பு இல்லை, சில மொழிக்காரர்கள் சொல்லும்போது 'எல்'லும் 'ஆர்'ரும் ஒன்றாகவே கேட்கிறது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். எந்தப் போனில் எது புதுசு என்று வாங்குபவர்களுக்கும் விளங்கவில்லை. 2015 டிசம்பரில் சுந்தர் பிச்சை டெல்லி வந்தபோது, இந்திய இனிப்பின் பெயர் ஏன் வைக்கவில்லை என்று மாணவர்கள் கேட்டார்கள்; இணையத்தில் வாக்கெடுப்பு வைக்கலாம் என்று சிரித்தார். பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசைப்படி போனதால், 'என்' எழுத்து வந்தபோது மலையாளிகள் நெய்யப்பத்துக்காகப் பெரிய பிரசாரமே செய்தார்கள். வந்தது நூகட் என்ற மேல்நாட்டு மிட்டாய்.

கம்பெனிக்குள் மட்டும் இனிப்பு வழக்கம் இன்னும் தொடர்கிறது. நம் அதிரசத்துக்கு முதலிலேயே வாய்ப்பு போய்விட்டது, கணக்கு 'சி'யில் கப்கேக்கோடுதான் தொடங்கியது. 15-ஆம் பதிப்பு 'வி'யில் வெனிலா ஐஸ்க்ரீம் வரை போய், 16-க்கு எழுத்து வரிசையின் ஆரம்பத்துக்கே திரும்பினார்கள். சரி, இந்த முறையாவது என்று பார்த்தால் 'பி'யில் பக்லாவா.