உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வயிற்றோட்டம் பரவினால் பார்க்க 15 நிமிட ரெபிட் கிட் வாங்கி வைக்கலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். திருகோணமலையில் ஆய்வுகூட வேலை பார்ப்பதால், சீசன் தொடங்கினால் இதே கேள்வி எனக்கு வரும்.

முதலில் பெட்டியைப் படியுங்கள். கடையில் கிடைக்கும் வயிற்றோட்டக் கிட்டுகளில் பல, ரோட்டா, அடினோ என்ற இரண்டு வைரஸ்களை மட்டும் காட்டுபவை. அந்த வைரஸ்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளைப் பிடிக்கும். விடுதி, கலியாண வீடு என்று பெரியவர்களையும் சேர்த்து ஒரேயடியாகச் சாய்ப்பது அநேகமாக நொரோ வைரஸ். அதற்குத் தனிக் கிட் வேண்டும்.

அதுவும் கொரோனா காலத்து அன்டிஜன் கார்ட் மாதிரித்தான். மூக்குச் சளிக்குப் பதில் மலம். கோடு விழுந்தால் பெரும்பாலும் நம்பலாம். விழாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. நொரோவில் பல ரகம், எல்லாம் ஒரே மாதிரிப் பிடிபடாது. மலத்தில் வைரஸ் ஏராளமாக இருந்தால்தான் கோடே வரும். தொற்றுவதற்கோ 100க்கும் குறைந்த துகள்கள் போதும். நெகட்டிவ் என்று நம்பி ஒருவரைச் சமையலறைக்குள் விட்டீர்களோ, சரி, அடுத்த சுற்று ஆரம்பம்.

ஐந்தாறு பேரின் மாதிரியை ஒன்றாகப் பார்க்கும்போதுதான் இந்தக் கிட்டுக்கு மதிப்பு. ஒன்றிரண்டில் கோடு விழுந்தாலே துப்புக் கிடைத்துவிடும், பிறகு பிசிஆர் உறுதிப்படுத்தும். அது சுகாதாரத் துறையின் வேலை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு உடனே சொல்லுங்கள், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார். மாதிரி கேட்டால் நோய் தொடங்கி 3 நாட்களுக்குள், தண்ணியாகப் போகும்போதே எடுத்து, குளிராக வைத்துக் கொடுக்க வேண்டும் (தயவுசெய்து சமையல் ஃப்ரிஜ்ஜில் வேண்டாம்).

கிட்டே இல்லாமலும் ஊகிக்கலாம். பாதிக்கு மேற்பட்டோருக்குச் சத்தி, தொற்றிச் சராசரியாக 24 முதல் 48 மணித்தியாலத்தில் தொடக்கம், சராசரியாக 12 முதல் 60 மணித்தியாலத்தில் அடங்குதல், பக்டீரியா எதுவும் பிடிபடாமை: இவை சேர்ந்தால் நொரோ என்று அமெரிக்க ஆய்வாளர் கப்லான் குழுவினர் 1982இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது.

ஆகவே அந்தக் காசுக்கு ஜீவனியும் (கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பிளீச்சும் வாங்குங்கள். 5 வீத பிளீச் என்றால், அசுத்தமான இடத்தைத் துடைக்க ஒரு லீட்டர் தண்ணீருக்குக் குறைந்தது 20 மில்லிலீட்டர். கை ஜெல்லை நம்ப வேண்டாம், சவர்க்காரம்தான். அப்புறம், சமையல்காரருக்கு நோய் வந்தால், சுகமான பிறகும் 2 நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். சம்பளத்தை வெட்டினால் மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்.