கர்த்தர் திறந்த வழியும் அக்காவின் வளையலும்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே? குடும்பத்தோடு வெளிநாடு வந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை நிலைத்துவிட்டது, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் இரவு குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தால் வேண்டுதல்தான் வரிசையாக வருகிறது, ஸ்தோத்திரம் வருவதில்லை. அம்மாவிடம் போனில் "ரொம்ப நன்றிம்மா" என்றால், "என்னடா, மூணாம் மனுஷன் மாதிரி பேசுற?" என்கிறார். ஆண்டவருக்கும் வீட்டாருக்கும் எப்படித்தான் நன்றி சொல்வது?

நான் வந்து 24 வருடம் ஆகிறது. முதலில் நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வந்த இரண்டாம் வருடம் சபையில் சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் எனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் சொல்ல, கூப்பிட்டார்கள். நன்றாகத்தான் சொன்னேன் என்று எனக்கு நினைப்பு. "கையில் ஒன்றுமில்லாத நேரத்தில் டிக்கெட்டுக்குக் கர்த்தர் வழி திறந்தார், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கர்த்தரே கூட இருந்தார்" என்று கண்ணீரோடு முடித்தேன். அதைக் கேசட்டில் பதிந்து வீட்டுக்கும் அனுப்பினேன். அப்போது காலிங் கார்டு காலம். நிமிடம் கரைந்துகொண்டிருக்க, அக்கா எல்லாரையும் நிதானமாக விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "கேசட் கேட்டேன்டி. நல்லா இருந்துச்சு. கர்த்தர் வழி திறந்தார்னு சொன்னியே, அந்த வழி என் வளையல்தானே?"

கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

வளையலை அடகு வைத்தது அவள். ஆஸ்பத்திரி பெஞ்சில் 11 இரவு முடங்கிக் கிடந்தவளும் அவள்தான். நான் கர்த்தருக்கு நன்றி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் யார் கையால் கொடுத்தாரோ அந்தக் கையை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். மனுஷருக்கு மகிமை போய்விடக் கூடாது என்ற பயத்தில் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பக்தியாகவே செய்கிற தப்பு இது.

சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுலுக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. ரோமர் 16-ஆம் அதிகாரத்தை நாம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று வேகமாகத் தாண்டிப் போவோம். ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். அதுவரை தான் போயிராத ரோமாபுரியில் இருக்கிற 20 பேருக்கும் மேல் பெயர் சொல்லி விசாரிக்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் "என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள்" என்கிறார். ரூபையும் "எனக்கும் தாயாகிய அவன் தாயையும்" வாழ்த்துங்கள் என்கிறார். யாரோ ஒரு அம்மா அவரை மகன்போலக் கவனித்திருக்கிறார், அவர் அதை மறக்கவில்லை. பிலிப்பியர் கடைசி அதிகாரத்தில் இன்னும் துல்லியம்: தெசலோனிக்கேயில் இருந்தபோது இரண்டொருதரம் உதவி அனுப்பினீர்கள், இப்போது அனுப்பியதை எப்பாப்பிரோதீத்து கையில் வாங்கிக்கொண்டேன் என்று எழுதுகிறார். எங்கே, எத்தனை தரம், யார் மூலம், எல்லாம் இருக்கிறது. அதே நிருபத்தின் தொடக்கத்தில் உங்களை நினைக்கும்போதெல்லாம் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார். கொடுத்த கையைச் சொன்னதால் தேவனுக்குப் போகவேண்டியதில் குறைந்துபோகவில்லை.

இப்போது உங்கள் அம்மா விஷயம். அவர் சொல்வது சரிதான் தம்பி. இங்கே பஸ்ஸில் இறங்கும்போதும் கதவைப் பிடித்தவருக்கும் நாளுக்கு ஐம்பது தரம் நன்றி சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிட்டது. தமிழில் வீட்டுக்குள் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு புழக்கம் இல்லை, அது வாசலில் நிற்பவருக்கு உரியது. அதனால் சொல்லை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லுங்கள். "அம்மா, எனக்குப் பரீட்சை இருந்தப்போ நீயும் தூங்காம உட்கார்ந்திருப்பியே, இப்போ என் மகன் படிக்கும்போதுதான் அது எவ்வளவு கஷ்டம்னு தெரியுது." இவ்வளவு போதும். அவர் "ஆமா, அதுக்கென்ன இப்போ" என்று பேச்சை மாற்றுவார். மாற்றட்டும். அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம் வரும்.

குடும்ப ஜெபத்துக்கும் இதே மருந்துதான். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சங்கீதம் 103 சொல்கிறது. மறவாதே என்கிறதே, அப்படியானால் நன்றி உணர்ச்சியில் இல்லை, ஞாபகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு பழக்கம் வைத்தோம்: வேண்டுதலுக்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு பெயர், அவர் செய்த ஒரு காரியம் சொல்ல வேண்டும். "எல்லாருக்காகவும் எல்லாத்துக்காகவும் ஸ்தோத்திரம்" என்று சொன்னால் செல்லாது. முதல் வாரம் எல்லாரும் முழித்தோம். ஒருநாள் என் சின்னவன், அப்போது ஆறு வயது, "தாத்தா போனை வைக்கல" என்றான். எங்களுக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, தமிழ் வார்த்தை கிடைக்காமல் அவன் பேசாமல் இருந்தபோது தாத்தாவும் அவசரப்படாமல் லைனிலேயே காத்திருந்திருக்கிறார். அன்று என் கணவரால் ஜெபத்தை முடிக்க முடியவில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. "உங்களுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம்" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அது நன்றியைக் கற்றுக்கொடுக்காது, கடன் சீட்டைத்தான் நீட்டும். நீங்கள் உங்கள் மனைவிக்கு நன்றியாக இருப்பதை அவர்கள் பார்த்தால் போதும். அவரும் தன் அம்மா அப்பாவை விட்டுத்தான் வந்திருக்கிறார். நம் சாட்சிகளில் பெரும்பாலும் விட்டுப்போகிற பெயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையதுதான்.

அப்புறம், எல்லா நாளும் ஸ்தோத்திரம் வராது. மூன்றாம் வருடம் என் கணவருக்கு வேலை போயிற்று. இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்தினேன். "நான் ஆண்டவர்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்று எழுந்துபோய்விட்டார். அவர் செய்தது சரி என்று இப்போது நினைக்கிறேன். தெசலோனிக்கேயர் நிருபத்தில் "எல்லாவற்றிலேயும்" ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்றுதான் இருக்கிறது. எபேசியரில் "எல்லாவற்றிற்காகவும்" என்றும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அங்கே வந்துசேர சிலருக்கு வருடங்கள் ஆகும், தள்ளிவிட முடியாது. சங்கீதம் 13 ஆறே வசனம். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்ற கேள்வியில் ஆரம்பித்துத்தான் பாட்டில் முடிகிறது. அந்த மாதங்களில் நாங்கள் அதைத்தான் வாசித்தோம், பல நாள் பாதியிலேயே நிறுத்தினோம்.

காணிக்கை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் மாற்கு 7-இல் இயேசு கொர்பானைப் பற்றிச் சொன்னதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் கண்டிக்கிறார். அப்பாவின் மாத்திரைக்கு அனுப்புகிற பணத்தைக் குறைத்துவிட்டு இங்கே ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைத் தடிமனாக்க வேண்டாம். அதேபோல, பணம் அனுப்பியாயிற்று, நன்றி சொல்லியாயிற்று என்று கணக்கை மூடிவிடவும் வேண்டாம். பணத்தோடு பேச்சும் போகவேண்டும்.

வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க ஆசை என்றீர்கள். லேவியராகமம் 7-இல் ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், காலைவரை வைக்கக் கூடாது என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு குடும்பம் ஒரே நாளில் எவ்வளவு சாப்பிட முடியும்? நாலு பேரைக் கூப்பிடத்தான் வேண்டியிருந்திருக்கும் என்பது என் ஊகம். நீங்களும் கூப்பிடுங்கள். உங்களை விமான நிலையத்தில் வந்து அழைத்துப்போனவர், முதல் மாதம் கட்டில் கொடுத்தவர், போன வாரம் வந்து இன்னும் ஒருவரையும் தெரியாதவர். ஜெபத்துக்கு முன்னால் அவர்கள் செய்ததை அவர்கள் காதுபடச் சொல்லுங்கள். குணமான பத்து குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்த ஒரே ஒருவனை இயேசு "இந்த அந்நியன்" என்றுதான் குறிப்பிட்டார். இந்த ஊரில் அந்தப் பெயர் நமக்குத்தானே.

அக்கா கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த வருடம் மறுபடி சாட்சி சொன்னேன். வளையல், பெஞ்சு, 11 இரவு எல்லாம் சொல்லி, இதையெல்லாம் அவள் கையில் வைத்துச் செய்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று முடித்தேன். கேசட் போய்ச் சேர்ந்ததும் அக்கா திட்டினாள்: "ஏண்டி, அடகு வச்சதையெல்லாமா சபையில சொல்லுவாங்க? மானமே போச்சு."

இரண்டு மாதம் கழித்து அவளே கேட்டாள், டேப் சிக்கி அறுந்துவிட்டதாம், இன்னொரு காப்பி இருக்கிறதா என்று.